பகுதியாகவோ முழுவதுமாகவோ: பாலாற்று நிலங்களின் கணக்கு

1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய ஒரு தீர்ப்பை ஒவ்வோர் ஆண்டும் என் மாணவர்களுக்கு வாசிக்கக் கொடுக்கிறேன். நான் சட்டம் கற்பிப்பவன் அல்ல; வேலூரில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் கற்பிக்கிறேன். வேலூர் குடிமக்கள் நலப் பேரவை தொடுத்த அந்த வழக்கு தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீரைப் பற்றியது. முன்னெச்சரிக்கைக் கொள்கையையும், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையையும் நம் நாட்டுச் சட்டத்துக்குள் கொண்டுவந்த தீர்ப்பு என்று சட்டம் படித்தவர்கள் அதைக் கொண்டாடுகிறார்கள். கொண்டாட வேண்டியதுதான். எனக்கு அதில் ஒரு வாக்கியம் போதும். வேலூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி மையத்தின் ஆய்வை மேற்கோள் காட்டி, தோல் ஆலைகள் நிறைந்த பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றுப் போய்விட்டது என்கிறது அந்த வாக்கியம்.

இதற்குள் இரண்டு வகை ஐயம் இருக்கிறது. 35,000 என்ற எண் சற்றே முன்பின்னாக இருக்கலாம் என்பது ஒன்று. இன்னும் நிறைய இடங்களில் மண் எடுத்துச் சோதித்தால் அந்த ஐயம் சுருங்கும். எவ்வளவு நிலம் பகுதியாகக் கெட்டது, எவ்வளவு முழுவதுமாகக் கெட்டது, பகுதி என்றால் எந்த அளவு என்பது இன்னொன்று. ஒவ்வொரு சென்ட் நிலத்தையும் அளந்து முடித்தாலும் இது சுருங்காது. ஏனென்றால் அரைகுறையாகக் கெட்ட நிலம் உண்மையிலேயே அரைகுறையாகத்தான் கெட்டிருக்கிறது. மாவட்டத்தின் அத்தனை ஆய்வுக்கூடங்களும் சேர்ந்தாலும் அதை முழுதாகக் கெட்டது என்றோ முழுதாக நல்லது என்றோ மாற்ற முடியாது.

முதல் வகை நிகழ்தகவின் ஆட்சிக்கு உட்பட்டது. இரண்டாவது, ஃபஸி (fuzzy) கணங்களின், அதாவது ஒரு பொருள் ஓரளவுக்கு மட்டும் உறுப்பாக இருக்க இடம்தரும் தொகுப்புகளின், ஆட்சிக்கு உட்பட்டது. கணக்கின் கடைசிப் படி வரை இவற்றைத் தனித்தனியே வைத்திருந்து, அங்கே மட்டும் சேர்க்க வேண்டும் என்பதே நான் சொல்ல வந்தது. நடைமுறையில் முதல் படியிலேயே, படிவம் அச்சிடும்போதே, இரண்டையும் கலந்துவிடுகிறார்கள். அந்தக் கலப்பில் தோற்பவர் எப்போதும் ஒன்றிரண்டு ஏக்கர் வைத்திருப்பவர்.

என் அம்மா பிறந்த ஊர் ஆம்பூருக்கும் பேரணாம்பட்டுக்கும் நடுவில் இருக்கிறது. மாமாவுக்கு அங்கே நிலம். மேற்குப் பக்கத்துக் கொல்லையில் மல்லாட்டை (நிலக்கடலை) சுமாராக வரும். கிணற்றை ஒட்டிய தாழ்வான பக்கத்தில் கோடை வந்தால் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்துவிடும். ஒரு கணக்கெடுப்புப் படிவத்தை என்னிடம் கொடுத்து அவர் கேட்டார்: "கெட்டுப்போனது என்று எழுதினால் கடன் கேட்கும்போது அதையே காட்டுவார்கள். நன்றாக இருக்கிறது என்று எழுதினால் இழப்பீட்டுப் பட்டியலில் என் பெயர் வராது. இரண்டே கட்டம்தான் கொடுத்திருக்கிறார்கள். நீயே சொல் மாப்பிள்ளை, எதில் டிக் போடுவது?"

நிகழ்தகவுக்கு இன்று நாம் ஏற்றுக்கொண்டிருக்கும் அடிப்படை விதிகளை 1933-இல் ரஷ்யக் கணிதவியலாளர் கோல்மகோரோவ் வகுத்தார். பாகுவில் 1921-இல் பிறந்து கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய லோட்ஃபி ஜாதே, 1965-இல் ஃபஸி கணங்களைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். வழக்கமான கணத்தில் ஒரு பொருள் உறுப்பாக இருக்கும் அல்லது இருக்காது. ஜாதேயின் கணத்தில் 0 முதல் 1 வரை எந்த அளவிலும் உறுப்பாக இருக்கலாம். நிகழ்தகவும் 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட எண், உறுப்பு அளவும் 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட எண். குழப்பம் முழுவதும் இங்கிருந்துதான் பிறக்கிறது.

மாமாவின் நிலத்தையே எடுத்துக்கொள்வோம். அது 0.5 அளவுக்குக் கெட்டது என்றால், வழக்கமான விளைச்சலில் பாதி கிடைக்கும் என்று அவர் எதிர்பார்க்கலாம். நாளை இன்னொரு சோதனை செய்தாலும் அந்த 0.5 அங்கேயே நிற்கும். அது கெட்டதாக இருக்க 0.5 நிகழ்தகவு என்றால், ஒன்று முழு விளைச்சல் அல்லது வெறுங்கை. நாளைய சோதனை அந்த 0.5-ஐ 0 ஆகவோ 1 ஆகவோ மாற்றிவிடும். எண் ஒன்றுதான். ஆனால் அதை வைத்துக்கொண்டு விதைக்கப் போகிறவருக்கு இரண்டும் ஒன்றல்ல.

இந்த வேறுபாட்டை ஏற்காதவர்களும் இருந்தார்கள், சாதாரணமானவர்கள் அல்லர். பிரிட்டிஷ் புள்ளியியலாளர் டென்னிஸ் லிண்ட்லி, ஐயத்தைக் கையாள நிகழ்தகவு ஒன்றே போதும், வேறெதற்கும் தேவையில்லை என்று 1980-களில் உறுதியாக வாதிட்டார். அவரது எழுத்தை நான் மதிப்புடன் படித்திருக்கிறேன். பந்தயம் கட்டிப் பின்னர் முடிவு தெரியும் கேள்விகளுக்கு அவர் சொல்வது முழுக்கச் சரி. "இந்த நிலம் கெட்டதா?" என்ற கேள்விக்கு முடிவு அறிவிக்கப்படும் நாள் என்று ஒன்று கிடையாது என்பதுதான் என் மறுப்பு. ஜாதே தம் பக்கத்தில் நிகழ்தகவை ஒதுக்கவே இல்லை. ஃபஸி கணங்களை அறிமுகப்படுத்திய மூன்றே ஆண்டுகளில், 1968-இல், ஃபஸி நிகழ்வுகளின் நிகழ்தகவு என்று ஒரு கட்டுரை எழுதினார். 1995-இல், இந்த இரண்டு கோட்பாடுகளும் ஒன்றுக்கொன்று போட்டியானவை அல்ல, ஒன்றையொன்று நிறைவு செய்பவை என்று தலைப்பிலேயே அறிவித்தார்.

நம் பாடத்திட்டங்கள் இதை விட்டுவிடுவது எனக்கு வருத்தம் தருகிறது. ஃபஸி என்றால் 1975-இல் மம்தானி லண்டனில் நீராவி எந்திரத்தைக் கட்டுப்படுத்தியது, 1987-இல் ஜப்பானின் செண்டாய் சுரங்க ரயில், பிறகு துணி துவைக்கும் எந்திரம் என்று போய்விடுகிறது. எந்திரங்களுக்குப் பயன்பட்டது உண்மை. தரவுகளுக்கு அது செய்யக்கூடியதை யாரும் சொல்லித் தருவதில்லை.

1968-ஆம் ஆண்டுக் கட்டுரையின் சூத்திரம் மிக எளிமையானது. ஒரு ஃபஸி நிகழ்வின் நிகழ்தகவு என்பது அதன் உறுப்பு அளவின் எதிர்பார்ப்பு மதிப்பு. அதாவது, நேரக்கூடிய ஒவ்வொரு நிலைக்கும் அதன் உறுப்பு அளவை அதன் நிகழ்தகவால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். அவ்வளவுதான். கடினமான கேள்வி வேறு இடத்தில் இருக்கிறது: உறுப்பு அளவை யார் தீர்மானிப்பது? "பகுதி என்றால் 0.4 என்று வைத்துக்கொள்வோம்" என்று ஒருவர் மேசையில் உட்கார்ந்து எழுதினால் அதை எந்த நீதிமன்றமும் ஏற்காது, ஏற்கவும் கூடாது. ஃபஸி முறை மீது நான் கேட்ட குறைகளில் நியாயமானது இதுதான்.

மண்ணைப் பொறுத்தவரை இதற்கு விடை இருக்கிறது, அதுவும் வேளாண் அறிவியலில். மாஸ், ஹாஃப்மன் என்ற இருவர் 1977-இல் பயிர்களின் உப்புத் தாங்கும் திறனைத் தொகுத்தார்கள். மண்ணை நீர் விட்டுக் குழைத்து, அந்தக் குழைவிலிருந்து பிரித்தெடுத்த சாற்றின் மின்கடத்துதிறனை அளப்பார்கள். உப்பு ஏற ஏற அது ஏறும். ஒவ்வொரு பயிருக்கும் ஒரு வாசல் அளவு உண்டு. அதுவரை விளைச்சல் குறையாது. அதைத் தாண்டினால் ஒவ்வோர் அலகுக்கும் இத்தனை சதவீதம் என்று நேர்கோட்டில் இறங்கும். நெல்லுக்கு வாசல் மீட்டருக்கு 3 டெசிசீமன், அதற்கு மேல் ஒவ்வோர் அலகுக்கும் 12 சதவீத இழப்பு. மல்லாட்டைக்கு வாசல் 3.2, இழப்பு 29 சதவீதம். கரும்புக்கு வாசல் 1.7, இழப்பு 5.9 சதவீதம் மட்டுமே.

இது அப்பட்டமான உறுப்பு அளவுக் கோடு. ஜாதேயின் பெயரே தெரியாமல் பயிர்களே வரைந்து கொடுத்தது. மின்கடத்துதிறன் 5 உள்ள மண்ணில் நெல்லுக்கு இழப்பு 24 சதவீதம், கரும்புக்குச் சுமார் 19.5, மல்லாட்டைக்கு 52.2. ஆகவே "இந்த நிலம் எவ்வளவு கெட்டது?" என்று கேட்டால், "இதில் என்ன போடுகிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்க வேண்டும். பயிர் எழுதப்படாத பாழ்நிலக் கணக்கு எனக்குப் பாதிக் கணக்காகவே தோன்றுகிறது. வானம் பார்த்த கொல்லையில் மல்லாட்டையைத் தவிர வேறு வழியில்லாதவருக்கும், ஏரிப்பாசனத்தில் கரும்பு நட வசதியுள்ளவருக்கும் ஒரே மண், ஒரே எண், வேறு வேறு இழப்பு.

ஓர் எச்சரிக்கையை இங்கே சொல்லிவிட வேண்டும். நம் விவசாயிகளிடம் இருக்கும் மண்வள அட்டையிலுள்ள மின்கடத்துதிறன், ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டு அல்லது இரண்டரைப் பங்கு நீர் கலந்து அளந்தது. நீர் அதிகம் என்பதால் எண் சிறியதாக வரும். அதை அப்படியே மாஸ்–ஹாஃப்மன் கோட்டில் வைத்தால் உப்பேறிய நிலமும் நல்ல நிலம்போலத் தெரியும். ஓர் அளவிலிருந்து மற்றதற்கு மாற்றலாம். ஆனால் மாற்றும் விகிதம் மணல் மண்ணுக்கு ஒன்று, களிமண்ணுக்கு வேறொன்று. அந்த மாற்றத்திலும் ஐயம் உண்டு, அது நிகழ்தகவுப் பக்கத்தைச் சேர்ந்தது.

இப்போது சேர்க்கும் வரிசைக்கு வருகிறேன். ஒரு கிராமத்து மல்லாட்டை நிலத்தில் பாதிக்கு மின்கடத்துதிறன் 2, மறுபாதிக்கு 6 என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். வழக்கமாக என்ன செய்கிறார்கள்? மாதிரிகளின் சராசரியை எடுத்து 4 என்று எழுதுகிறார்கள். 4-க்கு மல்லாட்டை இழப்பு 23.2 சதவீதம். "கால்வாசிக்கும் குறைவு, பெரிய பாதிப்பு இல்லை" என்று அறிக்கை முடிந்துவிடும். ஜாதேயின் வரிசையில் செய்து பார்ப்போம். 2 உள்ள பாதியில் இழப்பு இல்லை. 6 உள்ள பாதியில் 81.2 சதவீதம். பிறகு சராசரி எடுத்தால் 40.6.

அதே மண், அதே சோதனை முடிவுகள். முதலில் சராசரி எடுத்துப் பிறகு தரம் பிரித்தால் 23.2, முதலில் தரம் பிரித்துப் பிறகு சராசரி எடுத்தால் 40.6. வாசலுக்குக் கீழே இருக்கும் நல்ல மண்ணால் உப்பு மண்ணின் இழப்பை ஈடுகட்ட முடியாது என்பதே காரணம். 2 உள்ள நிலம் 1 ஆனாலும் அதில் கூடுதலாக ஒரு மூட்டை விளையப்போவதில்லை. ஆனால் சராசரி எண் இறங்கிவிடும். பாலாற்றை ஒட்டிய எந்த ஊரிலும் உப்பு சமமாகப் பரவியிருப்பதில்லை. கழிவுநீர் போன ஓடையை ஒட்டி ஒருவிதம், மேட்டுக் கொல்லையில் வேறுவிதம். எனவே இப்படி வாசலுக்குக் கீழும் மேலும் மண் இருக்கும் ஊரில், உப்பு மண்ணின் இழப்பு நூறு சதவீதத்தை எட்டாதவரை, சராசரி எடுக்கும் அறிக்கை இழப்பைக் குறைத்தே காட்டும். யாரும் ஏமாற்ற வேண்டியதில்லை, கூட்டல் வகுத்தல் எல்லாம் சரியாகவே இருக்கும். அதனால்தான் இதைக் கண்டுபிடிப்பது கடினம்.

40.6 என்ற எண்ணோடும் நான் நின்றுவிட மாட்டேன். பக்கத்துக் கிராமத்தில் நிலம் முழுவதும் ஒரே சீராக 4.6 இருந்தால் அங்கும் இழப்பு சரியாக 40.6 சதவீதம்தான். முதல் ஊரில் பாதிப் பேருக்கு எந்தக் குறையும் இல்லை, மீதிப் பேர் ஏறக்குறைய எல்லாவற்றையும் இழந்தவர்கள். இரண்டாவது ஊரில் எல்லோரும் இழந்திருக்கிறார்கள், எவரும் பாதிக்கு மேல் இழக்கவில்லை. எதிர்பார்ப்பு மதிப்பு இந்த இரண்டு ஊர்களையும் ஒன்றாக்கிவிடுகிறது. ரொனால்டு யாகர் 1979-இல் இதற்கு ஒரு வழி சொன்னார்: ஒற்றை எண்ணாகச் சுருக்காமல், உறுப்பு அளவின் ஒவ்வொரு மட்டத்துக்கும் தனித்தனியே நிகழ்தகவு கொடுங்கள். குறைந்தது கால்வாசி கெட்டிருக்க என்ன நிகழ்தகவு, பாதி கெட்டிருக்க என்ன, முக்கால்வாசி கெட்டிருக்க என்ன? முதல் ஊருக்கு மூன்றுக்கும் விடை 0.5. இரண்டாம் ஊருக்கு 1, 0, 0. இழப்பீடு நிர்ணயிப்பவர் முன்னால் இந்த மூன்று எண்களும் இருந்தால், இரண்டு ஊர்களுக்கும் ஒரே தொகையை அறிவிக்க அவர் கை கூசும். சூத்திரங்களில் எனக்கு மிகவும் பிடித்தது எது என்று மாணவர்கள் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

மண்ணே எடுக்காத நிலங்களை என்ன செய்வது? இது மூன்றாவது வகை, அறியாமை. பலர் இங்கே 0.5 என்று போட்டு நிரப்புகிறார்கள். பாதிக்குப் பாதி வாய்ப்பு என்பது ஒரு செய்தி; ஒன்றுமே தெரியாது என்பது வேறு செய்தி. டெம்ஸ்டர் 1967-இல் தொடங்கி ஷேஃபர் 1976-இல் நூலாக்கிய சான்றுக் கோட்பாட்டில் ஒரு கூற்றுக்கு இரண்டு எண்கள் உண்டு. கையிலுள்ள சான்று நேரடியாக ஆதரிக்கும் அளவு ஒன்று. சான்று மறுக்காமல் விட்டுவைக்கும் அளவு மற்றொன்று. மண்ணே எடுக்காத நிலம் கெட்டிருக்கிறது என்பதற்கு முதல் எண் 0, இரண்டாவது 1.

இந்த இரண்டில் எதை வைத்து முடிவெடுப்பது? அந்தக் கேள்விக்குக் கணிதத்தில் விடை இல்லை. அதே 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பில் இருக்கிறது. முன்னெச்சரிக்கைக் கொள்கையின் ஒரு பகுதியாக, தன் செயல் சுற்றுச்சூழலுக்குத் தீங்கற்றது என்று நிரூபிக்கும் பொறுப்பு அந்தச் செயலைச் செய்பவருடையது என்றது நீதிமன்றம். புள்ளியியலாளனாக நான் அதை வாசிக்கும்போது, மறுக்கப்படாத அளவைக் கொண்டு முடிவெடுங்கள், நேரடிச் சான்று கிடைக்கும்வரை காத்திருக்காதீர்கள் என்றே கேட்கிறது. விவசாயி தன் கிணறு கெட்டது என்று நிரூபிக்க வேண்டியிருந்த காலத்தில் முதல் எண் ஆண்டது. நிரூபிக்கும் சுமை இடம் மாறியதும் இரண்டாவது எண் ஆட்சிக்கு வந்தது.

சான்றுக் கோட்பாட்டிலும் ஒரு பள்ளம் உண்டு, அதைக் காட்டியவரும் ஜாதேதான். ஒரு நோயாளிக்கு மூளைக்காய்ச்சல் என்று ஒரு மருத்துவர் 0.99 உறுதியுடன் சொல்கிறார். மூளைக்கட்டியாக இருக்க 0.01 என்கிறார். இன்னொருவர் தலையில் அடிபட்டதன் விளைவு என்று 0.99 உறுதியுடன் சொல்கிறார். கட்டிக்கு அவரும் 0.01 தருகிறார். டெம்ஸ்டரின் விதிப்படி சேர்த்தால் மூளைக்கட்டி என்பது முழு உறுதியாகிவிடுகிறது. இருவருமே அநேகமாக இல்லை என்று ஒதுக்கியது! ஆகவே ஒரே கிணற்று நீருக்கு இரண்டு ஆய்வுக்கூடங்கள் நேர்மாறான முடிவு தந்தால், அவற்றைச் சேர்த்து ஓர் எண்ணாக்காமல், முரண்பாட்டையே முடிவாகப் பதிவு செய்து மறுபடியும் நீர் எடுக்க வேண்டும் என்பேன்.

அளவுக்கருவி போகாத காலத்துக்கும் தரவு உண்டு. "என் அப்பா காலத்தில் தண்ணீர் நன்றாக இருந்தது", "கொஞ்சம் உப்புக் கரிக்கும், சமைக்கலாம்", "மாடுகூடக் குடிக்காது" என்று பெரியவர்கள் சொல்வதைக் கதை என்று தள்ளிவிடுகிறோம். குவாகெர்நாக் 1978-இலும், பூரியும் ராலெஸ்குவும் 1986-இலும் முன்வைத்த ஃபஸி சமவாய்ப்பு மாறிகள் இதற்காகவே கிடைத்தவைபோல இருக்கின்றன. யாரிடம் கேட்கிறோம் என்பது குலுக்கலில் அமைவது, அது நிகழ்தகவு. அவர் சொல்லும் பதில் ஓர் எண்ணாக இல்லாமல் ஒரு ஃபஸி கணமாக இருக்கிறது. அந்தக் கணங்களுக்கே சராசரி காணலாம். இன்றைக்கு அதே கிணற்று நீரைச் சுவைக்கச் சொல்லி, சொல்லும் வார்த்தையையும் மானி காட்டும் அளவையும் இணைத்துப் பதிந்தால், அந்த ஊரில் "கொஞ்சம் உப்பு" எந்த எல்லைக்குள் வருகிறது என்று தெரிந்துவிடும்.

2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இந்த விவகாரத்தில் மறுபடியும் தீர்ப்பளித்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு சேர வேண்டும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைய வேண்டும் என்றது. இடையில் 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகி, ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டன. வாலாஜாவும் ஆற்காடும் ராணிப்பேட்டைக்கு. பழைய வேலூர் மாவட்டப் புள்ளிவிவரத்தைப் புதிய வேலூரோடு ஒப்பிடுபவர் ஆற்றின் வேறு வேறு துண்டுகளை ஒப்பிடுகிறார். புதிதாக அளக்கப் போகிறவர்கள் மாவட்டப் பெயரை நம்பாமல் கிராமத்தின் பெயரையும் சர்வே எண்ணையும் வைத்துக்கொள்வது நல்லது.

அவர்களிடம் கேட்பதற்கு எனக்கு இன்னும் சில உண்டு. மே மாதம் ஒருமுறையும் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் ஒருமுறையும் மண்ணும் நீரும் எடுக்கட்டும். எண்ணுக்குப் பக்கத்தில் அங்கே என்ன பயிர் என்று எழுதட்டும், எந்த முறையில் அளந்தது என்றும் எழுதட்டும். சராசரியை மட்டும் வெளியிட்டு மூல அளவுகளைப் பூட்டி வைக்காதிருக்கட்டும். மண் எடுக்க முடியாத இடத்தை வெற்றாகவே விடட்டும். மாமாவின் படிவத்தில் அந்த இரண்டு கட்டங்களுக்குப் பதிலாக ஒரு கோடு போட்டு, மேற்குக் கொல்லைக்கு ஒரு புள்ளி, கிணற்றோரத்துக்கு ஒரு புள்ளி வைக்க இடம் விடட்டும்.